ஆடிய நாளுக்குப் பேர் உண்டா?

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே செல்பவர் தரவளையிலும், நானுஓயாவிலிருந்து தலவாக்கலை நோக்கி இறங்குபவர் ரதல்லையிலும் ஒரே விதமான காட்சியைக் காண்பர். சுற்றிலும் தேயிலைச் சரிவு. நடுவே மேசைபோற் சமன் செய்யப்பட்ட பசும்புல் மைதானம். அதன் ஓரத்தே துரைமாரின் கழகக் கட்டடம். அம்மலைகளில் இயற்கையாகச் சமதரை அமைவது அரிது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினாலன்றி ஒரு பந்து உருளாது நிற்கும் இடம் அங்கே கிடையாது. அவ்வாறு வெட்டிய கைகளும் சுமந்த தலைகளும் எவருடையவை என்பதற்குத் தனிச் சான்று தேடவேண்டியதில்லை. அக்காலத்தில் அம்மலைகளில் மண் சுமந்தவர்கள் நம் முன்னோரே. மைதானத்தை ஆக்கியவனின் பேரன் இன்றும் அதன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான். ஏன் என்று கேட்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

சென்ற ஆண்டு மாணவர் மத்தியில் நிகழ்ந்த விவாதமொன்றில் மலையக இளைஞரும் விளையாட்டும் பற்றிப் பேசப்பட்டது. ஒரு சாரார், "பிரான்சிலும் யப்பானிலும் றக்பி ஆடிப் பெரும்பொருள் ஈட்டும் வீரரைப் பாருங்கள். அவர்களும் ஏழை நாடுகளின் கிராமத்துப் பிள்ளைகளே. தோட்டத்து இளைஞரிடம் முயற்சியும் ஒழுக்கமும் இருந்தால் அவர்களும் அவ்வாறு உயரலாம்" என்றனர். மறுசாரார், "றக்பி வெள்ளைத் துரையின் ஆட்டம். அது நமக்கு எதற்கு?" என்றனர். இரு சாராருக்கும் கைதட்டல் கிடைத்தது. நான் தோட்டத்து லயத்திற் பிறந்தவன். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்தனர் என்பதே என் வாதம். ஆடுபவன் ஆடுகின்ற நாளில் அவன் வீட்டு அடுப்பை எரிப்பவர் யார் என்ற கேள்வியை இருவருமே கேட்கவில்லை. அக்கேள்வியைக் கேளாமல் வெளிநாட்டுத் தொழின்முறை வீரரின் வாழ்வைப் போற்றுதலும் பேதைமை. றக்பியைத் துரையின் ஆட்டமென ஒதுக்குதலும் பேதைமை.

முதலில் இந்த ஆட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். இங்கிலாந்தின் வடபகுதியிலே, யோர்க்ஷயரிலும் லங்காஷயரிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றக்பி ஆடியவர்களுட் பலர் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் ஆவர். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியுடன் வேலையை நிறுத்தியது. அந்த அரைநாள் ஓய்விலிருந்தே வடபுலத் தொழிலாளரின் விளையாட்டு பிறந்தது என்றாற் பிழையாகாது. ஆயினும் தொலைவான ஊரில் ஆடச் செல்ல அரைநாள் போதாது. வேலை நேரத்தை இழந்தால் அந்நேரக் கூலி போகும். ஆகவே, "இழந்த நேரத்துக்குரிய கூலியையேனும் தருக" என்று வடபுலக் கழகங்கள் கேட்டன. செல்வப் பிள்ளைகளின் பாடசாலைகளில் வளர்ந்தவர்கள் தலைமை தாங்கிய றக்பி ஒன்றியம், விளையாட்டு தூய்மையானது, அதிற் காசு கலத்தல் ஆகாது என்று மறுத்தது. 1893இல் இக்கோரிக்கை 282க்கு 136 என்ற வாக்குகளால் தோற்றது. 1895 ஆகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் விடுதியில் வடபுலக் கழகங்கள் கூடித் தமக்கெனத் தனி ஒன்றியத்தை அமைத்தன. இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் கூலி என்பது அவற்றின் விதியாயிற்று.

இதனை மனதிற் கொள்க. தொழின்முறை றக்பி பேராசையாலோ புகழ் வேட்கையாலோ தோன்றியது அன்று. ஆடச் சென்றதனால் இழந்த கூலியை மீட்கும் தொழிலாளர் கோரிக்கையிலேதான் அதன் வேர் இருக்கின்றது. "அமெச்சூர்" என்ற அழகிய சொல்லின் பொருளும் அப்போதே வெளிப்பட்டது. வேலை செய்யாமலே உண்ணக்கூடியவன் மட்டும் ஆடலாம் என்பதே அச்சொல்லின் நடைமுறைப் பொருள்.

அந்தப் பிளவின் அலை நம் நாட்டையும் ஒருமுறை தொட்டது. 1907இல், வட ஒன்றியத்துக் கழகங்களுடன் ஊதியத்துக்கு ஆடும் பொருட்டு நியூசிலாந்திலிருந்து ஓர் அணி புறப்பட்டது. அதனை ஒழுங்கு செய்தவர் அல்பர்ட் பாஸ்கவில் என்னும் தபாற்றுறை எழுதுவினைஞர். தம் நாட்டிலே பழிக்கப்பட்ட அவ்வணி, கப்பல் வழியிற் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடிச் சென்றது. உலகின் முதலாவது தொழின்முறைச் சுற்றுப்பயண அணிகளுள் ஒன்று நம் மண்ணில் மிதித்தது. அது ஆடிய நாளிலும் மலையகத்திற் பெரட்டுக்களத் தப்பு விடியற்காலையில் ஒலித்திருக்கும். கொழுந்துக் கூடைகள் மலையேறியிருக்கும்.

இலங்கையில் றக்பிக் கழக ஆட்டம் 1879இற் கொழும்பிலே தொடங்கிற்று. துரைமார் அதனை மலைக்குக் கொண்டு சென்றனர். திம்புளை, டிக்கோயா, ஊவா எனத் தோட்ட மாவட்டங்களின் பெயராலேயே அணிகள் எழுந்தன. கண்டியிலே கிங்ஸ்வூட் கல்லூரி 1891இல் இவ்வாட்டத்தைப் பாடசாலைக்குள் கொண்டு வந்தது. 1906இற் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது றக்பிப் போட்டி. 1922இல் இலங்கையருக்கென ஒரு கழகம் கொழும்பிலே தோன்றியது. ஆக, வெள்ளைத் துரையிடமிருந்து ஆட்டம் நகரத்து உள்ளூர் மேல்வகுப்புக்குச் சென்றது. துரையின் பங்களாவுக்குக் கீழேயிருந்த லயத்துக்கு மட்டும் அது இறங்கவில்லை. கொழும்பு வரை நூறு மைல் பயணம் செய்த பந்து, அரை மைல் தொலைவிலிருந்த லயத்துக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் தமிழனுக்குத் திறனில்லை என்பதா? பேர் என்னும் சொல்லின் பொருளை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகர் பொருட்டு அதனை விளக்க வேண்டியுள்ளது. தோட்டத்திலே "பேர் போடுதல்" என்றால் ஒருவர் ஒரு நாள் வேலை செய்ததாகச் செக்ரோலிற் பதிதல். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிடில், அல்லது இடையில் வேலையை விட்டால், விழுவது "அரைப்பேர்". உலகிலே பிறர் பேர் எடுப்பதற்காக விளையாடுகின்றனர். எங்களுக்கோ விளையாடினாற் பேர் போய்விடும். துரைக்கு மாதச் சம்பளம். அவர் சனிக்கிழமை குதிரையிலோ மோட்டார் வண்டியிலோ மைதானத்துக்குச் சென்றாலும் அச்சம்பளம் நின்றதில்லை. தொழிலாளிக்கு நாட்கூலி. ஞாயிறு ஒன்றே ஓய்வு. கொழுந்து மிகும் பருவத்தில் அந்த ஞாயிறும் கைக்காசு வேலைக்குப் போய்விடும். வடபுல ஆலைத் தொழிலாளி 1850இற் பெற்ற சனிக்கிழமை அரைநாளை நம்மவர் எந்த ஆண்டிற் பெற்றனர்?

இனி நான் நேரிற் கண்டதைச் சொல்லுகிறேன். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறையானவள், ஓட்டத்திலே வல்லவள். பாடசாலையை இடையில் விட்டுக் கொழுந்து எடுக்கத் தொடங்கிய பின்னரும் தோட்டத்துப் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் அவளை வென்றவரில்லை. 2017இல் நகரத்துக் கழகமொன்றின் பயிற்றுநர் அவளது ஓட்டத்தைப் பார்த்தார். பெண்கள் றக்பிப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நல்ல மனிதர், சப்பாத்தும் தாம் வாங்கித் தருவதாகச் சொன்னார். வாரத்தில் மூன்று பிற்பகற் பயிற்சி, சனிக்கிழமைகளிற் போட்டி என்றார். பெரியம்மா அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டார்: "ஓடுனா பேரு போடுவாங்களா சேர்?"

கேட்டுக்கொண்டு நின்றவர்களிற் சிலர் சிரித்தனர். நான் அப்போது சிறுவன், நானும் சிரித்தேன். இன்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. 2016 ஒக்டோபரிற் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா எனச் சொல்லப்பட்டது. அதில் அடிப்படைக் கூலி 500 ரூபாவே. மிகுதி விலைப்பங்கு 30, உற்பத்தி ஊக்கத்தொகை 140, வரவு ஊக்கத்தொகை 60 எனப் பிரிந்திருந்தது. வேலை நாட்களில் முக்கால் பங்குக்காவது வந்தாலே அந்த 60 ரூபா கிடைக்கும். வாரத்தில் மூன்று அரைப்பேரும் ஒரு முழுப்பேரும் போனால் ஆறு நாளில் மூன்றரை நாளே எஞ்சும். அடிப்படைக் கூலி 3000 ரூபா 1750 ஆகக் குறையும். வரவு ஊக்கத்தொகை முற்றாக இல்லாது போகும். பின்னேரக் கொழுந்தை விட்டபின் உற்பத்தி ஊக்கத்தொகையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கூலி வாங்கும் இரண்டே பேரைக் கொண்ட அந்த வீட்டில் இது எவ்வாறு இயலும்? அக்கா இரண்டு மாதம் போனாள். பின்னர் நின்றுவிட்டாள். முயற்சியும் ஒழுக்கமும் அவளிடம் இருந்தன. ஆறு ஷில்லிங் இல்லை.

அவளும் பின்னர் வெளிநாடு சென்றாள். 2019இல் மேற்காசிய நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றாள். முகவர் ஒருவர் இருந்தார். மருத்துவப் பரிசோதனை நடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதப்பட்டது. வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகும் றக்பி வீரனுக்கும் முகவர் உண்டு. மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆண்டுக் கணக்கான ஒப்பந்தம் உண்டு. எங்கள் இளைஞர் வெளிநாடு போவதில்லை என்று எவரும் சொல்லவேண்டாம். எந்த வாசலால் அவர்கள் போக அனுமதிக்கப்படுகின்றனர் என்பதே கேள்வி.

இனி, விவாத அரங்கிலே போற்றப்பட்ட அந்தத் தொழின்முறை வாழ்வையும் கூர்ந்து நோக்கவேண்டும். 1995 ஆகஸ்டிலேதான் றக்பி ஒன்றிய ஆட்டத்தின் சர்வதேசச் சபை ஊதியத்துக்கு ஆடுவதை அனுமதித்தது. தொழிலாளர் கேட்டு மறுக்கப்பட்டு நூறு ஆண்டுகள் கழிந்த பின்னர், தொலைக்காட்சி நிறுவனங்களின் பெருந்தொகை மேசைமீது வைக்கப்பட்டபோது, நூறாண்டுத் தூய்மை ஒரே நாளிற் கரைந்தது. அதன் பின்னர் பசுபிக் தீவுகளிலிருந்து ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் வீரர் செல்வது பெருகியது. பீஜித் தீவினரான செமி ராட்ராட்ராவின் வாழ்வு தக்க உதாரணம். அவுஸ்திரேலியாவின் பரமட்டாவிலே றக்பி லீக் ஆடினார். 2017இற் பிரான்சின் தூலோன் கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து போர்தோ, இங்கிலாந்தின் பிரிஸ்டல், மீண்டும் பிரான்சின் லியோன் எனப் பத்தாண்டுக்குள் ஐந்து கழகங்களைக் கண்டார். அவரது ஆட்டத்தைக் கண்டு வியவாதார் இலர். அவ்வளவு பெயர் பெற்றவருக்கும் தொழில் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இடம் பெயர்தலே.

இவ்வாழ்வின் விலையையும் கணக்கிடுக. 2003இல் உலகக்கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்ப்சன், தலையில் விழுந்த மோதல்களின் விளைவாக நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதிநோய்க்கு ஆளானதாக 2020இல் வெளிப்படுத்தினார். தாம் வென்ற இறுதிப் போட்டியே தமக்கு நினைவில்லை என்றார். 2023 உலகக்கிண்ணத்தின்போது பீஜி வீரர் ஜோசுவா துய்சோவாவின் சிறு மகன் ஊரிலே நோயால் இறந்தான். தந்தை அணியோடு பிரான்சிலேயே தங்கி ஆடினார். இறுதிச் சடங்குக்குச் செல்லவில்லை. தீவு நாட்டு வீரர் தம் தாய்நாட்டு அணிக்கு ஆடாதிருக்குமாறு கழகங்கள் மறைமுகமாக நெருக்குகின்றன என்று, அவ்வீரரின் நலனுக்காக அமைப்பு நடத்தும் சமோவாவின் முன்னாள் வீரர் டானியல் லியோ பலமுறை குற்றஞ்சாட்டியுள்ளார். இவற்றைக் கேட்கும் மலையகத்தவனுக்கு இது புதுக் கதையாகத் தோன்றாது. உடலை விலைபேசும் ஒப்பந்தம், இடைத்தரகர், கடலுக்கு அப்பாலுள்ள முதலாளி, ஊரிலே எதிர்பார்த்திருக்கும் குடும்பம் ஆகிய அனைத்தையும் நம் கொள்ளுத்தாத்தாமார் அறிந்திருந்தனர்.

அப்படியாயின் அதனை ஒதுக்கிவிடலாமே என்பர் சிலர். நான் அவ்வாறு சொல்லவில்லை. பீஜி வீரர் சுரண்டப்படுகின்றார் என்பது மெய். ஆயினும் அவர் தம் உடலின் ஆற்றலுக்கு ஒரு விலையைக் கேட்கும் நிலையில் இருக்கின்றார். ஆடிய நாளுக்கு அவருக்குப் பேர் விழுகின்றது. அந்த நிலைக்கு அவர் எவ்வாறு வந்தார் என்பதிலேயே நமக்குப் பாடம் உண்டு.

கொழும்பிலே றக்பிக் கழகம் தோன்றிய அதே 1879ஆம் ஆண்டில், லியோனிடாஸ் என்னும் கப்பல் இந்தியாவிலிருந்து முதற்கூட்டம் ஒப்பந்தக் கூலிகளைப் பீஜிக்குக் கொண்டு சென்றது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் அவ்வாறு சென்றனர். அவர்களுள் தமிழரும் பலர். அவர்களுக்காகப் பாரதி பாடிய பாட்டை நாம் அறிவோம். நம் முன்னோரும் அவர்களும் ஒரே சாம்ராச்சியத்தின் இரு தோட்டங்களிற் பிடித்து வைக்கப்பட்டவர்கள். பீஜியின் றக்பிப் பெருமை, 2016இலும் 2021இலும் வென்ற ஒலிம்பிக் தங்கங்கள் உட்பட, பெரும்பாலும் பூர்வகுடி மக்களின் பெருமையாகவே இருக்கின்றது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வாட்டத்தில் அருகியே காணப்படுகின்றனர். இதற்கு உடலமைப்பைக் காரணம் காட்டுவோர் உளர். நான் நிலத்தைக் காரணம் காட்டுவேன். பீஜியிலே நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடி மக்களின் பொது உரிமையில் இருக்கின்றது. கிராமத்தின் நடுவே கிராமத்தவருக்கே உரிய புல்வெளி உண்டு. மாலையிற் பிள்ளைகள் அதில் ஓட எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. கரும்பு வெட்டியவனின் காலடியில் இருந்ததோ பிறர் நிலம். எங்கள் லயத்தின் முன்னால் இருப்பதும் அவ்வாறே பிறர் நிலம். காலமும் இடமும் ஆகிய இரண்டும் மறுக்கப்பட்டவனிடம் திறமை எங்கே என்று கேட்பது, கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதை ஒக்கும்.

மூன்றாவதாக மறுக்கப்பட்டது குடியுரிமை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1950இற் பிரித்தானியத் தீவுகளின் அணி கொழும்புக்கு வந்து இலங்கை அணியுடன் ஆடிற்று. அந்த ஆண்டில் எங்கள் லயங்களிலே மின்னலென ஓடும் ஓர் இளைஞன் இருந்திருப்பினும், எந்நாட்டின் பெயரால் அவன் ஆடுவான்? எந்நாட்டின் கடவுச்சீட்டோடு கடல் கடப்பான்? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 2003இன் சட்டத்தோடுதான் எஞ்சிய நாடற்றோரின் நிலை தீர்ந்தது. விளையாட்டு வீரனுக்குரிய வயது இருபதிலிருந்து முப்பது வரை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்பவை எத்தனை வீரரின் வாழ்நாள்!

"முத்தையா முரளிதரன் இல்லையா?" என்ற கேள்வி இங்கே எழும். அவர் நம் பெருமை என்பதில் ஐயமில்லை. அவருடைய பாட்டனார் 1920இல் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். பேரன் இங்கிலாந்தின் லங்காஷயர் உள்ளிட்ட கழகங்களுக்கு ஊதியத்துக்கு ஆடினார். 2010இல் டெஸ்ட் விக்கெட்டுகள் 800 என்ற எண்ணோடு ஓய்வு பெற்றார். ஆயினும் அவர் லயத்திலிருந்து நேராக லங்காஷயருக்குச் செல்லவில்லை. இடையிலே தந்தையாரின் பிஸ்கட் தொழிற்சாலை இருந்தது. மைதானமும் பயிற்றுநரும் கொண்ட கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. ஆடும் நாளிற் கூலி போகாத ஒரு வீடு முதலில் அமைந்தது. பின்னரே அந்த விரல்களின் மாயம் உலகுக்குத் தெரிந்தது. அவரை உதாரணமாகக் காட்டுவோர் இந்த இடைப்பகுதியை விழுங்கிவிடுகின்றனர்.

தோட்டத்திலேயே இது இயலும் என்பதற்கு உதாரணம் வேண்டுமெனில் வட வங்காளத்தை நோக்குக. சிலிகுரிக்கு அண்மையிலுள்ள சரசுவதிபூர் தேயிலைத் தோட்டத்தில் 2013 அளவிலே றக்பி அறிமுகமாயிற்று. ஒரு பாதிரியாரும் கொல்கத்தாவின் "ஜங்கிள் குரோஸ்" கழகத்தாரும் பந்தோடு தோட்டத்துக்கே சென்றனர். கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் ஆடத் தொடங்கினர். அவர்களுள் சிலர் இந்தியத் தேசிய அணிக்கே தெரிவாயினர். சந்தியா ராய் அவர்களுள் ஒருவர். அங்குள்ள தேயிலையும் தேயிலை. அங்குள்ள வறுமையும் வறுமையே. பிள்ளைகள் நகரத்துக்குப் போகவேண்டியிராமல் ஆட்டம் பிள்ளைகளிடம் வந்தது என்பதே வேறுபாடு. அதே இந்தியாவில், 2025 யூனிலே மும்பையில் நடந்த தொழின்முறை எழுவர் றக்பித் தொடரில் வெளிநாட்டு வீரர் பலர் ஊதியத்துக்கு வந்து ஆடினர். நம் நாட்டுக் கழகங்களும் பீஜி வீரரை வரவழைத்து ஆடச் செய்தவையே. ஆட்டத்தின் சந்தை நம் கடற்கரைக்கு வந்துவிட்டது. நம் மலைப்பிள்ளைகள் மட்டும் பந்தைத் தொடவில்லை.

"துரையின் ஆட்டம்" என்று ஒதுக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். தேயிலையும் துரை கொண்டு வந்ததே. புகைவண்டியும் துரையின் தேவைக்காக மலையேறியதே. அதை ஒதுக்கிவிட்டு நாம் நடந்தா பேராதனைக்கு வந்தோம்? துரையிடமிருந்து பறிக்கவேண்டியவற்றைத் துரைக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அதனைக் கொள்கை என்று சொல்லுதல் தகாது. மேலும், சுரங்கத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் துரைமாரின் ஒன்றியத்தையே உடைத்துத் தமதாக்கிக் கொண்ட ஆட்டம் இது. அந்த வரலாறு தெரியாமல் அதனைத் துரைக்கு எழுதிக் கொடுப்பது தொழிலாளர் வர்க்கத்துக்கே இழைக்கும் அநீதி.

இவற்றிலும் வலிய எதிர்வாதம் ஒன்றுண்டு. "கூலி போதவில்லை, லயத்துக் கூரை ஒழுகுகின்றது, ஏழு பேர்ச் காணிக்கே இன்னும் போராட்டம். இந்நிலையிற் பந்து ஒரு கேடா?" என்று மூத்த தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். மதிக்கத்தக்க கேள்வி. என் விடை இதுவே: பந்தைக் கேட்பவன் வேறொன்றையும் கேட்கவில்லை. நாட்கூலி முறையின் பிடியிலிருந்து தன் நேரத்தில் ஒரு பகுதியைக் கேட்கின்றான். தான் பிறந்த மண்ணிற் சமதரையாக ஒரு துண்டைக் கேட்கின்றான். கூலிப் போராட்டமும் காணிப் போராட்டமும் கேட்பவையும் அவையே. வயிறு நிறைந்த பின்னரே பிள்ளை ஓடலாம் என்று விதித்தால், இருநூறு ஆண்டாக நிறையாத வயிறு எப்போது நிறைவது?

ஆகவே செய்யத்தக்கவை எவை என்பதையும் கூறுதல் கடன். முதலாவது, தோட்டக் கம்பனிகள் ஆளும் காணி அரசின் காணி. 1992இல் முகாமைக்காகவே அவற்றிடம் தரப்பட்டுப் பின்னர் குத்தகையாயிற்று. அக்காணியிலுள்ள ஒவ்வொரு மைதானமும், வாரத்திற் குறித்த நாட்களில், அயலிலுள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறக்கப்படுவது குத்தகையின் நிபந்தனையாக வேண்டும். தனிக் கழகங்களும் அதனைப் பின்பற்றட்டும். இரண்டாவது, மாவட்ட அணிக்கோ அதற்கு மேற்பட்ட அணிக்கோ தெரிவாகும் இளந்தொழிலாளிக்குப் பயிற்சி நாளிலும் போட்டி நாளிலும் முழுப்பேர் போடவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதனை ஒரு வாசகமாகவேனும் சேர்க்கட்டும். ஹடர்ஸ்பீல்டிலே 1895இற் கேட்கப்பட்டது இதற்கு மேலானதொன்று அன்று. மூன்றாவது, காயமுற்றவருக்கு மருத்துவச் செலவும் காப்புறுதியும் வேண்டும். கொழுந்து எடுக்கும் கை முறிந்தால் ஒரு குடும்பமே முறியும். இக்காப்பு இல்லாமல் அவர்களை ஆட அழைப்பது நேர்மையாகாது.

நான்காவது, நமக்கு உரியது. இதழை வாசிக்கும் நாம் மலையகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகின்றோம், கருத்தரங்கு வைக்கின்றோம், விழாவெடுத்து மாலை சூட்டிக்கொள்கின்றோம். நம்மிடையே றக்பியும் கரப்பந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் பயின்ற மாணவர் உளர். விடுமுறையில் இரண்டு வாரம், பத்துப் பந்துகளோடு, ஒரு தோட்டத்துக்குச் செல்ல எவருடைய அனுமதி வேண்டும்? வடவங்காளத்துக்குச் சென்றவர்கள் நம்மைவிடப் பெரியோர் அல்லர். அடுத்த ஆண்டு இதழில் இப்பொருள் பற்றி ஒருவர் எழுதுவாராயின், அது ஆற்றிய பணியின் அறிக்கையாக இருக்கட்டும்; மற்றுமொரு விவாதத்தின் எதிரொலியாக இருத்தல் வேண்டாம்.

அக்கா ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டாள். இப்போது மீண்டும் கொழுந்து எடுக்கின்றாள். தைப்பொங்கலன்று அவளுடைய சிறு மகள் லயத்துக்கும் கோயிலுக்கும் இடையிலுள்ள ஒற்றையடிப் பாதையில் ஓடியதைக் கண்டேன். தாயின் கால்கள் அப்படியே மகளுக்கு வாய்த்திருக்கின்றன. பத்தாண்டு கழிந்து இன்னொரு பயிற்றுநர் அவளைக் கண்டு அழைப்பாராயின், "ஓடுனா பேரு போடுவாங்களா?" என்ற கேள்வியை அக்கா கேட்கத்தான் செய்வாள். அதற்கு "ஆம்" என்று விடை சொல்லக்கூடிய நிலையை உண்டாக்கும் பொறுப்பு, சிரித்துக்கொண்டு நின்ற என்னையும் கைதட்டிய உங்களையும் சார்ந்தது.